பென்சில் குற்று

அவருடைய பென்சில் ஒரு விரல் நீளத்துக்கு மேல் இருந்து நான் பார்த்ததில்லை. புதுப் பென்சிலே வாங்கமாட்டாரா, அல்லது வாங்கி வீட்டில் வைத்துச் சீவிச் சீவிக் குறைத்த பிறகுதான் வேலைக்குக் கொண்டுவருவாரா என்று நாங்கள் தேநீர் நேரத்தில் வாதாடியதுண்டு. அந்தக் கட்டைப் பென்சிலால் அவர் செய்த வேலை ஒன்றே ஒன்றுதான். யாராவது ஆய்வேடு எழுதி முடித்து, அதன் கடைசியில் வரும் உசாத்துணைப் பட்டியலைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அதில் உள்ள ஒவ்வொரு நூலையும் கட்டுரையையும் தேடி எடுத்துத் தன் கையில் வைத்துப் பார்ப்பார். பார்த்துவிட்டால் அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பார். யாழ்ப்பாணத்துக்காரர் என்பதால் அதைக் குற்று என்பார். "உங்கட பட்டியலில இன்னும் ஒன்பது குற்று மிச்சம் கிடக்கு, சேர்" என்று வராந்தாவில் எதிர்ப்பட்டுச் சொல்வார். எதிர்ப்பட்டவர்கள் பலர் வேறு வழியால் போகப் பழகிக்கொண்டார்கள்.

நான் திகனைக்காரன். வாப்பாவின் ஹாட்வெயார் கடையில் ஆணி நிறுக்கப் பிடிக்காமல் படிக்கப் போனவன். படித்து முடித்து, பல்லேகலப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன ஆய்வு நிறுவனத்தில் தற்காலிக விரிவுரையாளராகச் சேர்ந்தேன். பக்கத்து மைதானத்தில் கிரிக்கெட் நடக்கும் நாட்களில் வீதியெல்லாம் வாகனம் அடைத்து, நாங்கள் வேலைக்கு நடந்து போவோம். முதுதத்துவமாணிப் பட்டத்துக்கு ஆய்வேடு சமர்ப்பித்தால்தான் வேலை நிரந்தரம். சமர்ப்பிப்பதற்கு நூலகத்திலிருந்து ஒரு கையெழுத்து வேண்டும், உசாத்துணைகள் சரிபார்க்கப்பட்டன என்று. மற்ற இடங்களில் இது வெறும் சடங்கு. முற்றுப்புள்ளியும் கமாவும் ஒழுங்கில் இருக்கிறதா என்று ஒரு நோட்டம் விட்டுக் கையெழுத்து வைத்துவிடுவார்கள். எங்கள் கெட்ட காலம், எங்கள் நூலகத்தில் அந்தக் கையெழுத்துக்குப் பொறுப்பு இவரிடம் இருந்தது.

பதவியில் அவர் எங்களைவிடக் கீழே. நூலக உதவியாளர். வயதில் என்னைவிட ஆறேழு வருடம் மூத்தவராக இருந்தும் என்னை "சேர்" என்றுதான் கூப்பிடுவார். நான் "மிஸ்" என்பேன். குண்டசாலையில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்தார். அதற்கு மேல் அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தவை எல்லாம் பிறர் சொல்லிக் கேட்டவை. அவற்றை எழுத அவர் சம்மதித்திருக்கமாட்டார், ஆகவே விட்டுவிடுகிறேன்.

"கண்டனீங்களோ?"

இதுதான் அவர் வாயிலிருந்து அதிகம் வந்த சொல். திகனை பஸ் போய்விட்டது என்று யாராவது சொன்னால், "போனதைக் கண்டனீங்களோ?" நாளைக்கு விடுமுறையாம் என்றால், "கடிதத்தைக் கண்டனீங்களோ?" கன்டீனில் பிளேன்டீக்குச் சீனி போட்டாயிற்று என்று பையன் சொன்னாலும் கரண்டியால் அடியைக் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். சந்தேகப் பிராணி என்று எங்களுக்குள் பெயர் வைத்திருந்தோம். இன்று யோசித்தால் அது சந்தேகம் இல்லை. யாரையும் அவர் பொய்யர் என்று நினைத்ததாகத் தெரியவில்லை. ஒரு விடயத்தை நேரில் பார்த்தவர் யார் என்று தெரியாமல் அதைக் கையில் வாங்க அவரால் முடியவில்லை.

ஒரு முறை, ஓய்வுபெற்ற விரிவுரையாளர் ஒருவர் காலமாகிவிட்டார் என்று காலையில் எல்லோருடைய போனுக்கும் செய்தி வந்தது. பத்து மணிக்கு வாசலில் வெள்ளைக்கொடி. பதினொரு மணிக்குள் அவர் படத்தோடு பதாகை அடித்து வந்துவிட்டது. அதைக் கட்டுவதற்கு நூலகத்தில் இருந்த ஏணியைக் கேட்டுப் போனோம்.

"ஆர் கண்டது?" என்றார்.

"எல்லாரும் போட்டிரிக்கிறாங்களே மிஸ்."

"எல்லாரும் போட்டிருக்கினம். கண்டது ஆர்?"

நாங்கள் ஏணிக்கு நின்றுகொண்டிருக்கும்போதே அவர் அந்த மனிதரின் வீட்டுக்குப் போன் எடுத்தார். போனை எடுத்தவர் இறந்தவர். "சேர், சுகமோ? ஒண்டுமில்லை, சும்மாதான் எடுத்தனான்" என்று சொல்லி வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். அதே பெயரில் வேறு ஊரில் வேறொருவர் போய்ச் சேர்ந்திருந்தார். பதாகையைச் சுருட்டிக் களஞ்சியத்தில் போட்டோம். எறியவில்லை. இரண்டு வருடம் கழித்து அந்த விரிவுரையாளர் மெய்யாகவே காலமானபோது திகதியின் மேல் ஒரு கடதாசி ஒட்டித் தூக்கினோம். அன்று மிஸ் மையித்து வீட்டுக்குப் போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு வந்தார்.

இப்போது என்னுடைய கதைக்கு வருகிறேன். அவரைப் பற்றி எழுத எனக்கு உள்ள தகுதி இதுதான், தகுதி என்றும் சொல்ல முடியாது.

என் ஆய்வு தெல்தெனியவுக்கு மேலே மலையில் இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தைப் பற்றியது. அங்கே தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளாக மூன்று லயங்கள். ஆற்றோரமாகக் கீழே இரண்டு, மேலே சரிவில் ஒன்று. மழைக்குச் சரியக்கூடிய இடத்தில் எந்த லயம் இருக்கிறது, எந்த லயத்து மக்களை முதலில் இறக்கி வேறு இடத்தில் குடியேற்ற வேண்டும் என்று வரிசைப்படுத்த வேண்டும். ஆய்வின் பயனே அந்த வரிசைதான். மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் மேல் லயத்தில் பிள்ளைமடுவத்து ஆயம்மா வீட்டில்தான் தேநீர் குடித்தேன். தாய்மார் கொழுந்து பறிக்கப் போனால் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர் அவர். பெரிய உடம்பு, சின்னக் குரல்.

"மேல கோயிலுக்குப் போற பாதையில வெடிச்சிருக்குங்க சேர்" என்றார் முதல் நாளே. "என் கையி முழங்கை மட்டும் உள்ள போகுதுங்க. போன மழைக்கு இவ்வளவு இல்ல. வந்து ஒரு எட்டு பாத்துட்டுப் போங்களேன்."

தூறல் போட்டுக்கொண்டிருந்தது. பாதை முழுக்க அட்டை. மூன்றரை பஸ்ஸை விட்டால் அடுத்தது ஆறுக்கு. "அடுத்த முறை வாறேன்" என்றேன். அடுத்த முறையும் அதையே கேட்டார், நானும் அதையே சொன்னேன். மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை. தேநீருக்கு இஞ்சி தட்டிப் போட்டுத் தந்தார்.

ஆய்வேட்டில் அதற்கு ஒரு வாக்கியம் ஒதுக்கினேன்: மேல் லயத்து மக்களிடையே அச்சம் காணப்படுகிறது. அதற்கு அடுத்த வாக்கியம், ஆனால் அச்சரிவின் அடித்தளம் உறுதியான பாறை. அதற்கு ஆதாரமாக என் மேற்பார்வையாளரான பேராசிரியரின் கட்டுரை ஒன்றைக் காட்டினேன். கட்டுரைக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் "அச்சில்" என்று போட்டேன். அச்சுக்குக் கொடுத்தாயிற்று, இன்னும் வெளிவரவில்லை என்று பொருள். நான் அந்தக் கட்டுரையைப் படித்ததில்லை. எனக்கு முன்னால் எழுதிய அண்ணன் ஒருவரின் ஆய்வேட்டில் அப்படி இருந்தது, எடுத்துப் போட்டேன். எல்லோரும் செய்வதுதான்.

பட்டியலைக் கொடுத்து மூன்று வாரம் கழித்து அவர் என்னைக் கூப்பிட்டார். நூலகத்தின் பின்பக்கத்து மேசையில் ஐந்து ஆய்வேடுகள் விரித்துக் கிடந்தன. அடையாளத்துக்கு ஒவ்வொன்றிலும் ஒரு பஸ் டிக்கெட்.

"எல்லாத்துக்கும் குற்று விழுந்திட்டுது. இந்த ஒண்டுதான் ஆப்பிடேல்லை" என்றார். "பேராசிரியரிட்டையும் கேட்டுப் பாத்தன். அச்சில கிடக்கு எண்டார். எந்த அச்சகம் எண்டு கேட்டன். வீட்டில எங்கையோ கிடக்கும் எண்டார். அவர் பொய் சொல்லேல்லை, சேர். எழுதினதெண்டுதான் அவரும் நினைச்சுக்கொண்டிருக்கிறார். நீங்கள் இதுகளை ஒவ்வொண்டாப் பாருங்கோ."

பார்த்தேன். எனக்கு முந்திய ஆய்வேட்டில், அச்சில். அதற்கு முந்தியதில், வெளியிடப்படாத அறிக்கை. அதற்கும் முந்தியதில், வெளியிடப்படாத குறிப்பு. அதற்கு முன்னால், பேராசிரியருடன் உரையாடல். கடைசியாக இருந்தது ஒரு பழைய தட்டச்சுப் பிரதி, ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. அதில் பக்கத்தின் அடியில் சின்னதாக ஒரு குறிப்பு: களப்பயணத்தின்போது வீதியில் நின்று பேராசிரியர் கூறியது, மேலே பாறையாகத்தான் இருக்க வேண்டும்.

"இருக்க வேண்டும் எண்டது எத்தினையாம் ஆளிட்டை வரேக்கை இருக்கு எண்டு வந்திட்டுது, பாத்தீங்களோ?" என்றார். "இதை எழுதின ஆள் இப்ப கலகெதரையில பள்ளிக்கூட அதிபர். போன் எடுத்துக் கேட்டனான். பேராசிரியர் குடையாலை மேல காட்டினவராம். அண்டைக்கு மழையாம். ஒருத்தரும் ஏறிப் பாக்கேல்லையாம்."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. வெட்கம் இல்லை, கோபம். சமர்ப்பிக்க எட்டு நாள் இருக்கும்போது இப்படி ஒரு வேலை செய்கிறாரே என்ற கோபம்.

"இப்ப என்ன செய்யச் செல்றீங்க மிஸ்?"

"இல்லாததை எடுங்கோ. இல்லையெண்டால் உள்ளபடி போடுங்கோ, றோட்டில நிண்டு சொன்னதெண்டு."

"அப்பிடிப் போட்டா அத ஆரு மதிக்கிற?"

"மதிக்கமாட்டினம். அதுதானே வேணும்."

பிறகு என் ஆய்வேட்டைப் புரட்டி, அச்சம் காணப்படுகிறது என்ற வாக்கியத்தில் விரலை வைத்தார். "இது ஆர் சொன்னது?"

சொன்னேன். ஆயம்மா, வெடிப்பு, முழங்கை எல்லாம் சொன்னேன்.

"அவ கண்டவவோ?"

"கண்டதாத்தான் செல்றா."

"அப்ப இந்தப் பக்கத்தில கண்ட ஆள் அவ ஒராள்தான், சேர். அவவின்ர பேரைப் போடுங்கோ. திகதியைப் போடுங்கோ. அவ சொன்னபடி முழங்கையெண்டே போடுங்கோ. நான் போய்ப் பாத்திட்டுக் குற்றுப் போடுறன்."

நான் சிரித்துவிட்டேன். பேராசிரியரை எடுத்துவிட்டுப் பிள்ளைமடுவத்து ஆயம்மாவை உசாத்துணையில் போடுவதா என்று நினைத்துத்தான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஆய்வேடுகளில் இருந்த பஸ் டிக்கெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார்.

பேராசிரியரின் வரியை எடுத்தேன். உண்மையாகவே எடுத்தேன். அது இல்லாமல் பட்டியலை அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எல்லா வரிகளையும் மறுபடி பார்த்து, கடைசிப் பக்கத்தில் தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தார். அடுத்த நாள் பேராசிரியர் பிரதியைப் பார்த்துவிட்டு, "மேல் லயத்துக்கு ஆதாரம் எங்கை?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. "இது இல்லாட்டில் நீர் திரும்பக் களத்துக்குப் போகவேணும். மண்ணைத் தோண்டிப் பாக்கவேணும். இன்னும் ஒரு வருசம் எடுக்கும். யோசியும்" என்றார். என் தற்காலிக நியமனம் அந்த மாதத்தோடு முடிகிறது. வீட்டில் உம்மா ஏற்கெனவே எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தா.

திகனைச் சந்தியில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் அந்த ஒரு பக்கத்தை மட்டும் வரியோடு புதிதாக அச்செடுத்தேன். பழைய பக்கத்தை உருவிவிட்டு இதைச் செருகினேன். கையெழுத்து இருந்த பக்கம் அப்படியே இருந்தது. பைண்டிங் கடைக்காரர் சிவப்பு உறையா கறுப்பு உறையா என்று மட்டும்தான் கேட்டார்.

வேலை நிரந்தரமானது. வாப்பா அக்கம்பக்கம் முழுக்கச் சாப்பாடு கொடுத்தார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு பகல், அவர் என் அறைக்கு வந்தார். அதற்கு முன் அவர் எங்கள் அறைப்பக்கம் வந்ததே இல்லை. கையில் என் ஆய்வேட்டின் நூலகப் பிரதி. கதிரையைக் காட்டினேன், உட்காரவில்லை. பட்டியலைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார். எல்லா வரிகளுக்கும் புதிதாகக் குற்று வைத்திருந்தார். அந்த ஒரு வரிக்கு மட்டும் இல்லை.

"இந்தப் பக்கம் நான் காணாத பக்கம், சேர். கீழ கிடக்கிறது என்ர கையெழுத்து."

மனிதர்கள் இப்படியான நேரத்தில் சொல்வதைச் சொன்னேன். "ஒரு வரிதானே மிஸ்."

"ஓம். ஒரு வரிதான்" என்றார். ஆய்வேட்டை மூடிக் கையில் எடுத்தார். "வீடு இருக்கிற இடத்தைப் பற்றின வரி."

போய்விட்டார். அதன் பிறகு அவர் நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்ததாக அறிந்தேன். பிறகு அதன் பிரதியை நானே பார்த்தேன். என்னைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அந்த ஆய்வேட்டிலிருந்து தன்னுடைய கையெழுத்தை நீக்கித் தருமாறு மட்டும் கேட்டிருந்தார். ஒருமுறை வைத்த கையெழுத்தை நீக்குவதற்கு விதி கிடையாது என்று பதில் போனது. ஏன் நீக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த மாதம் அவரை நிலக்கீழ் அறைக்கு, பழைய சஞ்சிகைகளைப் பார்த்துக்கொள்ள மாற்றினார்கள். மழைக்காலத்தில் அங்கே சுவரில் நீர் கசியும். மத்தியானத்தில் சாப்பாட்டுப் பெட்டியோடு மேலே வந்து வெயிலில் நிற்பார். என்னைக் கண்டால் "சேர்" என்று தலையை அசைப்பார். அந்த மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அதுதான் என்னைத் தின்றது.

தோட்டத்து மக்களை இறக்கிக் குடியேற்றும் வேலையைத் தொடங்கியவர்கள் எங்கள் நிறுவனத்திடம் வரிசை கேட்டார்கள். பேராசிரியர் என் ஆய்வேட்டு அட்டவணையைக் கொடுத்தார். கீழ் லயங்கள் இரண்டும் முதலில். மேல் லயம் கடைசியில், அடித்தளம் பாறை என்பதால். கீழ் லயத்து ஆட்கள் புது வீடுகளுக்குப் போய்ப் பால் காய்ச்சினார்கள். அந்தப் படங்களை என் போனுக்கு அனுப்பினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

அடுத்த மழை நான்கு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் விடிந்து, அடுப்பு மூட்டும் நேரத்தில் கோயில் பாதைக்கு மேலிருந்து மலை இறங்கியது. மேல் லயத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. வந்த மண், ஆள் இல்லாமல் பூட்டிக் கிடந்த கீழ் லயத்தின் கூரைக்குக் கிட்ட வந்து நின்றது.

மூன்றாம் நாள்தான் நான் போனேன். பாதை திறக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பாதை முதல் நாள் மாலையே திறந்திருந்தது. தப்பியவர்களைக் கீழே பாடசாலையில் வைத்திருந்தார்கள். மண்டபத்துக்குள் ஈரத்துணியும் டெட்டோலும் சேர்ந்த மணம். சுவரில் இறந்தவர்களின் பட்டியல் ஒட்டியிருந்தது. அதன் கீழே, சின்னப் பிள்ளைகள் உட்காரும் வாங்கில், முழங்கால் மேசையில் முட்ட முட்ட, அவர் உட்கார்ந்திருந்தார். கையில் கட்டைப் பென்சில்.

முதல் நாளே லீவு போட்டுவிட்டு வந்தாராம். சிங்களம் எழுதத் தெரிந்த தமிழ் ஆள் ஒருவர் தேவைப்பட்டிருக்கிறார். இறந்தவர்களின் உறவினரோடு பிரேத அறைக்குப் போய், படிவம் நிரப்பி, கையெழுத்து வாங்கித் திரும்புவது அவர் வேலை. பட்டியலில் பெயர்கள் குழம்பிக் கிடந்தன. தகப்பன் பெயர் பிள்ளையின் பெயராகவும், கூப்பிடும் பெயர் பதிவுப் பெயராகவும் இருந்தன. ஒவ்வொன்றையும் தீர விசாரித்துத் திருத்தினார். பெயருக்குரியவரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து பக்கத்தில் ஒரு குற்று வைத்தார். சில பெயர்களுக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. அவர்கள் இன்னும் மண்ணுக்குள் இருந்தார்கள்.

சுவரில் அந்தக் குற்றுகளைக் கண்டதும் கதவடியிலேயே நின்றுவிட்டேன்.

"வாங்கோ சேர்" என்றார் நிமிர்ந்து பார்த்து. குத்தலாக ஒரு சொல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் எழும்பி, பட்டியலில் ஒரு வரியைக் காட்டினார். ஆயம்மா, பிள்ளைமடுவம் என்று மட்டும் அதில் இருந்தது.

"இவவை நேற்று எடுத்தவை. நான் போய்ப் பாத்தனான். ஆனால் பேர் இல்லை. மகளும் அவவோடைதான் போட்டா. அடையாள அட்டையும் மண்ணுக்குள்ள. எல்லாரும் ஆயம்மா எண்டுதான் கூப்பிட்டவையாம்."

பக்கத்தில் சுருண்டு கிடந்த ஒரு பெண் தலையைத் தூக்கினார். "முத்தம்மான்னுதான் நெனைக்கிறேங்க மிஸ். எங்க மாமியார் அப்பிடித்தான் சொல்லும்." அவருக்குப் பின்னால் சுவரில் சாய்ந்திருந்த கிழவர், "அது அவுங்க அக்கா பேரு. செத்துப் போன அக்கா" என்றார்.

"இப்பிடித்தான் காலமையிலிருந்து" என்றார் அவர். "நீங்கள் மூண்டு தரம் அவவோடை கதைச்சனீங்கள் எல்லோ சேர். ஆய்வேட்டில கிடக்கு. உங்கட களக் குறிப்பில பேர் இருக்கும்."

குறிப்புப் புத்தகம் என் பையில்தான் இருந்தது. யாராவது விசாரிப்பார்கள், கையில் இருக்கட்டும் என்று எடுத்துப் போயிருந்தேன். யாரும் விசாரிக்கவில்லை, அன்றும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. புத்தகத்தை எடுத்தேன். பக்கத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. மழைத்துளி பட்டு மை கலைந்த பக்கம், எனக்குத் தெரியும். பதிலளிப்பவர் 14. பெண். பிள்ளைமடுவம். மேல் லயம். அச்சம் உண்டு.

"பேரு எழுதிக்கொள்ளல்ல, மிஸ்" என்றேன்.

அவர் கையை நீட்டினார். சொன்னதை வைத்துக்கொண்டு விடுகிற ஆளா அவர். புத்தகத்தை வாங்கி, வெளிச்சத்துக்காக வாசற்பக்கம் திரும்பி, அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை வாசித்தார். புரட்டி அடுத்த பக்கத்தையும் பார்த்தார். பிறகு மூடி என் கையில் தந்தார்.

"ஓம் சேர்" என்றார். "கண்டன்."

திரும்பிப் போய் வாங்கில் உட்கார்ந்து, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அந்த வருடக் கடைசியில் அவர் மாற்றம் எடுத்து யாழ்ப்பாணம் போனார். பிரிவுபசாரம் எதுவும் நடக்கவில்லை. பேராசிரியர் ஓய்வுபெற்றார். என் ஆய்வேடு இன்னும் நூலகத்தில் இருக்கிறது. பின்னால் வந்த மாணவர்கள் இருவர் அந்தச் சரிவைப் பற்றி எழுதும்போது அதை எடுத்தாண்டிருக்கிறார்கள். அடித்தளம் பாறை என்ற வாக்கியத்துக்குப் பக்கத்தில் இப்போது அடைப்புக்குறிக்குள் இருப்பது என் பெயர். அவர்களின் பட்டியலிலும் நூலகக் கையெழுத்து இருக்கிறது.

பாடசாலைக்குப் பக்கத்தில் ஒரு கல் நட்டு, இறந்தவர்களின் பெயர்களை வெட்டியிருக்கிறார்களாம். யாழ்ப்பாணம் போவதற்கு முன் அவர் பல இடங்களில் ஏறி இறங்கி ஆயம்மாவின் சரியான பெயரைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டாராம். கல்லில் அது இருக்கிறதாம். பெயரையும் எனக்குச் சொன்னார்கள். அதை இங்கே எழுத இரண்டு முறை பேனாவை வைத்தேன், எழுதவில்லை. திகனையிலிருந்து அந்தக் கல்லுக்கு ஒரு மணித்தியால பஸ் பயணம். நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை.